மாதா படத்துக்குப் பின்னால் இருந்த அத்தியாயம்

1

ஜூன் மாதம் பிறந்ததும் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு சுவரைக் காலி செய்துவிடுவார்கள். எங்கள் ஊர் என்று கை தானாக எழுதிவிட்டது. நான் சொல்வது கனடாவில் இருக்கும் வின்னிபெக். வருடத்தில் பாதி பனிக்குள் கிடக்கும் ஊர் என்பதால் கோடை வந்தால் இங்கே எல்லோருக்கும் கொஞ்சம் பித்துப் பிடித்துவிடும். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் வெயில் அடிக்கும். அந்த வெயிலில் புல்தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு படிப்பார்கள். வங்கியில் கடுகடுவென்று இருக்கும் அம்மாள்கூடச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மரத்தடியில் ஒரு தடித்த புத்தகத்தோடு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வந்து இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அந்தக் காட்சி அலுக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்க்கிறேன்.

காலி செய்த சுவரில் நாம் அட்டை ஒட்ட வேண்டும். இந்தக் கோடையில் படிக்கப் போகும் புத்தகத்தின் பெயர், கீழே இரண்டு கட்டம்: காகிதமா, திரையா. என் மகள் நிவிக்குப் பதினைந்து வயது. போனைக் கையிலிருந்து பிடுங்க முடியாத பெண், ஆனால் கதை மட்டும் காகிதத்தில்தான் படிப்பாள். திரை பள்ளிக்கூடத்துக்காம். அவள் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி, காகிதத்துக்கு டிக் அடித்து ஒட்டிவிட்டாள். தமிழ் நன்றாகப் புரியும், பாதி பேசுவாள், எழுத்து தெரியாது. அதைப் பற்றி எனக்கு இருக்கும் வருத்தத்தை எழுத ஆரம்பித்தால் இந்தக் குறிப்பு வேறு எங்கோ போய்விடும்.

நூலகத்துப் பெண் என்னிடமும் ஒரு அட்டையை நீட்டி, உங்கள் ஊரில் கோடையில் படிப்பீர்களா என்று கேட்டாள். படிப்போம், ஐந்து வீட்டுக்காரர்கள் ஒரே புத்தகத்தை ஒரே சமயத்தில் படிப்போம் என்றேன். "ஓ, புக் கிளப்!" என்று பூரித்துப் போனாள். இருந்ததே ஒரு பிரதிதான், அதை நறுக்கித்தான் படித்தோம் என்று விளக்க எனக்கு ஆங்கிலம் வந்து சேர்வதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார். அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினேன். எழுதவில்லை. அந்த ஜூன் மாதத்தில் எனக்குப் படிக்கவே மனம் இல்லை.

2

காரணம் ரோஸ்லின் அக்கா. என் கூடப் பிறந்தவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள், அண்ணனூரில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதி ஆடை கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டே படித்தவள். காலர் தைக்கும்போது எப்படிப் படிக்க முடியும் என்று கேட்காதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், பேருந்தில், சோறு வேகும்போது, பூசையில் பிரசங்கம் நீளும்போது என்று அவளுக்கு நேரம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

நான் இங்கே வந்த நாளிலிருந்து ஞாயிறுதோறும் போன் பேசுவோம். அவள் நலம் விசாரிக்க மாட்டாள். எடுத்த எடுப்பில், "ஜெசி, இன்னா ஆச்சி தெரியுமா?" என்றுதான் தொடங்குவாள். எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு திக்கென்னும், தெருவில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது அவள் படித்துக்கொண்டிருக்கும் நாவலில் வரும் யாரோ என்று புரியும். அந்த மனிதர்களுக்காக நான் பனியைத் தள்ளிக்கொண்டே கவலைப்பட்டிருக்கிறேன்.

இரண்டு வருடம் முன்னால் சர்க்கரை அவள் கண்ணைப் பிடித்தது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஆள் நடமாட்டம் தெரிகிறது, சமைக்கிறாள், கடைக்குப் போகிறாள். அச்செழுத்து மட்டும் எறும்புக் கூட்டமாகக் கலைந்து ஓடுகிறதாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தலைவலிதான் மிச்சம். புத்தகங்களை எல்லாம் மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போனில், "சாப்ட்டியா? புள்ள எப்டி கீது?" என்று கேட்க ஆரம்பித்தாள். எல்லா அக்காக்களும் கேட்பதுதான். ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்டு நான் போனை வைத்துவிட்டு அழுதிருக்கிறேன். அவள் மறுபடியும் படிக்க வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று ஜெபமாலை சொன்னதும் உண்டு.

3

மண்ணூர்பேட்டையில் நாங்கள் இருந்தது லைன் வீடு. ஐந்து வீடு, ஒரே குழாய், ஒரே வேப்பமரம். அக்கா வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைப் பக்கம் பக்கமாகப் பிரித்துச் சேர்த்து வைப்பாள். கதை முடிந்ததும் அம்பத்தூரில் பைண்டிங் கடையில் கொடுத்து, காலிகோ துணி ஒட்டி வாங்கி வருவாள். தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் நடந்ததுதான். எங்கள் வீட்டு விசேஷம், பைண்டிங் செய்த புத்தகம் வந்த மறுநாளே அவள் பிளேடால் தையலை அறுத்துவிடுவாள். மே மாத விடுமுறையில் ஐந்து வீட்டுக்கும் பொறுமை கிடையாது. ஐந்து பாகமாக்கி, ஊக்கு குத்தி, வீட்டுக்கு ஒன்று. படித்ததும் அடுத்த வீட்டுக்குத் தள்ள வேண்டும். சீட்டுக் குலுக்கினால் பக்கத்து வீட்டு தேவகிக்கு எப்போதும் கடைசிப் பாகம் விழும். அவள் ஒவ்வொரு கதையையும் கல்யாணத்தில் ஆரம்பித்துப் பெண் பார்ப்பதில் முடித்தாள். குழாயடியில், "சொல்லாத, சொல்லாத, நான் இன்னும் அங்க போவல" என்று காதைப் பொத்திக்கொள்ளும் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

அப்படி வந்த ஒரு கதையில் வைதேகி என்று ஒரு பெண். எங்களுக்கு அது வைதேகி கதை. அவளைப் பிடிக்காத சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டிலிருந்து வெளியேறுகிறாள். பதினெட்டாவது வாரம் முடியும்போது ரயில் நிலையத்தில் பெட்டியோடு நிற்கிறாள், ரயில் வருகிறது. இருபதாவது வாரத்தில் மலையூரில் டீச்சராக இருக்கிறாள். நடுவில் பத்தொன்பது இல்லை.

இல்லை என்று சொல்வது தப்பு. இருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது.

அந்த வாரம் மாதா திருநாள். பத்திரிகைக்காரர்கள் நடுப்பக்கத்தில் வேளாங்கண்ணி மாதாவை வண்ணத்தில் போட்டிருந்தார்கள். அதே தாளின் முதுகில்தான் வைதேகி. எங்கள் நைனா கடையில் பத்திரிகையை வாங்கிய கையோடு நடுத்தாளை உருவி, ஃபிரேம் கடையில் கொடுத்துவிட்டார். கடைக்காரர் மைதா பசையைத் தாராளமாகத் தடவி அட்டையில் ஒட்டி, கண்ணாடி போட்டுத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் மந்திரித்தும் கொடுத்துவிட்டார். அக்கா விஷயம் தெரிந்து ஓடிவந்தபோது மாதா சுவரில் ஏறியாகிவிட்டது.

"நைனா, பின்னாடி கதை கீது நைனா. ஒரே ஒரு வாட்டி கயட்டிப் பாக்கறேன்."

"மந்திரிச்ச படத்தக் கயட்றதா? வாயக் கயுவுடி மொதல்ல."

அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் நாங்கள் முழங்காலில் நின்று மாதாவைப் பார்த்து ஜெபமாலை சொல்வோம். அக்கா மட்டும் மாதாவுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு சொல்வது போல எனக்குத் தோன்றும்.

4

அடுத்து வந்த மே மாதத்தில் தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசை போட்டுவிட்டு எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, தேவகிதான் கேட்டாள், பத்தொன்பதில் என்னதான் ஆகியிருக்கும் என்று. அக்கா குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.

வைதேகி அந்த ரயிலில் ஏறவில்லை. ரயில் வந்தது, நின்றது, போயிற்று. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். எல்லோருக்கும் சமைத்தாள். அவளைத் திட்டியவர்களுக்கும் பரிமாறினாள். பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாள். காலையில் குளித்து, நல்ல புடவை கட்டி, நான் போகிறேன் என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள். தன் அறையைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். பட்டப்பகலில், தெரு பார்க்க, நடந்து போய் ரயில் ஏறினாள்.

"சாவிய இன்னாத்துக்கு குடுத்தா?" என்று நான் கேட்டேன். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும்.

"ஓடிப்போறவதான் சாவிய எத்துகினு போவா. இவ கெளம்பிப் போறா. அதான் குடுத்தா."

பிறகு ஒவ்வொரு கோடையிலும் பதினெட்டு முடிந்ததும் அக்கா பத்தொன்பதைச் சொல்வாள். அவள் அதைப் படித்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வருடம் போகப் போக அது அவள் சொன்னது என்பதே எனக்கு மறந்துபோயிற்று. எனக்கு அதுதான் கதை.

நான் கனடாவுக்குக் கிளம்பியபோது வீட்டில் பெரிய ரகளை. பெண் பிள்ளை தனியாகக் கண்காணாத தேசத்துக்கா என்று சித்தப்பா மூன்று வீடு கேட்கக் கத்தினார். காலையில் எழுந்து எல்லோருக்கும் இட்லி ஊற்றினேன், சித்தப்பாவுக்கும் வைத்தேன். என் பீரோ சாவியைத் தேவகியிடம் கொடுத்தேன். சாவியை வாங்கிக்கொண்டு அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

5

மின்னூல் படிக்கும் கருவியை நான் முதலில் வாங்கியது விமானப் பெட்டியின் எடைக்குப் பயந்து. ஊறுகாயா புத்தகமா என்று வந்தால் ஊறுகாய்தான் ஜெயிக்கும். உள்ளங்கை அகலக் கருவிக்குள் ஒரு அலமாரியே அடங்குவதை இன்றும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. அக்காவுக்கு அது ஆகாது. வீடியோவில் காட்டியபோது, "சிலேட்டு மாரி கீது, இத வெச்சிகினு எப்டி மூஞ்சில கவுத்துகினு தூங்கறது?" என்றாள். ஒரு புத்தகத்தை ஐந்து பேர் படித்தோம், இதில் ஐந்நூறு புத்தகத்தை ஒருத்தி படிக்கிறாள், இதில் என்ன பெருமை என்றும் கேட்டாள்.

இந்த ஜூனில், அட்டை காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தபோது, நிவிதான் சொன்னாள், எழுத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் ஆக்கலாமே, பெரியம்மாவுக்கு ஒன்று கொண்டுபோகலாமே என்று. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். என்ன புத்தகம் போடுவது என்று தேடிக்கொண்டே போனபோது திரையில் வந்து நின்றது வைதேகி கதை. பழைய தொடர்களை எல்லாம் யாரோ மின்னூலாக்கியிருக்கிறார்கள். எழுந்து நின்றுவிட்டேன்.

வாங்கப் போனால், இந்தப் புத்தகம் உங்கள் நாட்டில் கிடைக்காது என்று வந்தது. உங்கள் நாடு என்றால் கனடா. குடியுரிமை வாங்கிய அன்று கைதட்டினார்களே, அதற்கு இதுதான் பலன். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன், இருப்பிடச் சான்று கேட்டார்கள், அனுப்பினேன், சான்றுப்படி நீங்கள் கனடாவில்தான் இருக்கிறீர்கள், எனவே கிடைக்காது என்று மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது. கடைசியில் அக்காவின் பெயரில், அண்ணனூர் முகவரியில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கி வாங்கினேன். மாதாவைக் கழற்றியிருந்தால்கூட இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

நேரே பத்தொன்பதுக்குப் போனேன். அதில் வைதேகி ரயிலைப் பார்த்ததும் மயங்கி விழுகிறாள். அதே ரயிலில் வந்த ஒரு டாக்டர் அவளைத் தூக்கி உட்கார வைத்து, மலையூரில் தன் சகோதரி நடத்தும் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். சாவி இல்லை. சமையல் இல்லை. யார் முகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை.

நான் இந்த நாட்டுக்குக் கிளம்பி வந்த விதம் ஒரு புத்தகத்திலிருந்து வந்தது என்று இத்தனை காலம் நினைத்திருக்கிறேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தபோது, கவிழ்த்த குடத்தின் மேல் உட்கார்ந்து, பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி வாயால் சொன்னது. என் அக்கா எவ்வளவு பெரியவள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெருமையாக இருந்தது; கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கருவியை அவள் கையில் கொடுத்தால் அவளும் இந்தப் பக்கத்துக்கு வருவாளே.

6

பள்ளி விடுமுறை விட்டதும் ஜூலையில் போனோம். அண்ணனூர் வீட்டில் அதே மாதா படம், வண்ணம் வெளுத்து, சீரியல் பல்பு மாலையோடு. பணிமனைக்குப் போகும் மின்சார ரயில் அந்தப் பக்கம் ஊர்ந்தால் கண்ணாடி லேசாக அதிரும்.

அக்கா கருவியைத் தொடவில்லை. "கண்ணு போனவளுக்கு கண்ணாடி வாங்கியாந்தியா? வேற வேல இல்ல ஒனக்கு" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். குரலில் இருந்தது கோபம் இல்லை. ஒருமுறை ஆசைப்பட்டு ஏமாந்தவளின் பயம். நிவிதான் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு திரைக்கு நான்கைந்து சொற்கள் மட்டும் நின்றன, கடைப் பலகை எழுத்து போல. அதைக் கொண்டுபோய், அக்கா வெங்காயம் நறுக்கும் பலகைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

கத்திச் சத்தம் நின்றது.

"வைதேகி... பின்கட்டுக் கதவை... மெல்லச் சாத்தினாள்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அட்சரம் படிக்கும் குழந்தை மாதிரி. பிறகு, "ஏ புள்ள, அடுத்தது எப்டி வர வெக்கறது?"

நிவி ஓடினாள். நான் கூடத்திலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று வெங்காயம் பாதி நறுக்கினபடியே காய்ந்தது. கடையில் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம்.

7

நான்கைந்து சொல்லுக்கு ஒரு முறை விரலால் தட்ட வேண்டும். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். காலர் தைத்த விரல், வேகம் வந்துவிட்டது. சேதி கேட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேவகி மண்ணூர்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள்.

"ஏ ரோசு, வைதேகி வந்துக்கிறாளாமே. படி, படி. இந்த வாட்டியாச்சும் மொதல்லேர்ந்து கேக்கறேன்."

அக்கா வாய்விட்டுப் படித்தாள். நிவி அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். நான் அக்காவுக்குப் பின்னால், ஜன்னல் ஓரம். சொல் பிசகாமல் படித்தாள். எங்கள் எல்லோருக்கும் மறந்துபோன சின்ன வரிகளைக்கூடப் படித்தாள். தேவகி தினமும் மத்தியானம் வந்தாள். நாலாம் நாள் பதினெட்டு முடிந்தது. ரயில் வந்துவிட்டது.

அக்கா தட்டினாள். திரையில் பத்தொன்பது என்று வந்தது. பெரிய பெரிய எழுத்து, என் இடத்திலிருந்தே தெரிந்தது.

"ரயில் வந்தது, நின்றது, போயிற்று" என்று அக்கா படித்தாள். "வைதேகி அதில் ஏறவில்லை."

திரையில் இருந்தது: கண் இருண்டது. கால்கள் தள்ளாடின.

அக்கா தட்டினாள். "பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்." திரையில் டாக்டர் ஓடி வந்தார். அக்கா தட்டினாள். அவள் சொல்லில் சோறு வெந்தது, திரையில் தண்ணீர் தெளித்தார்கள். அவள் குரலில் ஒரு தயக்கம் இல்லை. படிக்கிறபடியே, அச்சு நடையில், இடம் பார்த்து நிறுத்தி, சரியான நேரத்தில் பக்கம் தட்டி, தன் அத்தியாயத்தை அவள் அந்தக் கருவியிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"அவ எதுக்கு சாவி குடுத்தா, பெரிம்மா?" என்றாள் நிவி.

"ஓடிப்போறவதான் சாவிய எத்துகினு போவா, கண்ணு. இவ கெளம்பிப் போறா."

நிவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு என் பீரோ சாவிக் கதை தெரியும்.

தேவகி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, அன்னிக்கு வேப்பமரத்தடில நீ சொன்னியே, அப்டியே கீதே! ஒரு எழுத்து மாறல. படிக்காமயே ஒனக்கு எப்டி ரோசு தெரிஞ்சிச்சி?"

அக்கா சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "மாதா சொன்னாங்க" என்றாள். தேவகி சட்டென்று படத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டாள்.

8

தேவகியை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்ததும் கேட்டேன். "அக்கா, அதுல அப்படி இல்லையே."

"தெரியும்டி. காலைல நீ எய்ந்துக்கறதுக்கு முன்னாடியே படிச்சிட்டேன்." கருவியை முந்தானையால் துடைத்தாள். "மயக்கம் போட்டு வுயறாளாம். எவனோ வந்து தூக்கினு போறானாம். வைதேகியா? கதய எய்தினவரு தப்பா எய்திட்டாருடி, பாவம்."

பிறகு கருவியை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "வேற இன்னா கீது இதுல?" என்றாள்.

திரும்பி வந்து செப்டம்பர் ஆகிவிட்டது. நூலகச் சுவரில் அட்டைகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். என் அட்டை இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் காலியாகத்தான் இருக்கிறது. காகிதம், திரை என்று இரண்டு கட்டம்தான் போட்டிருக்கிறார்கள். நான் இந்தக் கோடையில் படித்தது இரண்டிலும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. எடுத்தேன்.

"ஜெசி, இன்னா ஆச்சி தெரியுமா?"

நெஞ்சு திக்கென்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவள் சொல்லும் புத்தகம் என் கருவியிலும் இருக்கிறது. நான் அதைத் திறந்து பார்க்கப் போவதில்லை.